யீமன் தெருவிலிருந்து: மஞ்சுகுவோவின் காவலர்களைப் பற்றிய நாட்குறிப்பு

ஜனவரி 7, 2024, ஞாயிறு
ஹார்பின்

வேலை நிமித்தமாக வடகிழக்குச் சீனாவிலுள்ள இந்த ஊருக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தினமும் பேருந்தில் கடந்துபோகும் யீமன் தெருவின் அந்தப் பெரிய தூண் கட்டடத்துக்குள் இன்றுதான் நுழைந்தேன். நூலகமாகக் கட்டப்பட்ட இடம் அது. ஜப்பானின் குவாந்துங் படை 1931இல் மஞ்சூரியா எனப்பட்ட இந்த வடகிழக்குச் சீனப் பகுதியைப் பிடித்து, 1932 மார்ச் 1 அன்று மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை அறிவித்த பிறகு, ஹார்பின் காவல் துறையின் தலைமை அலுவலகமாக மாற்றப்பட்டது. 1948 முதல் தியாகிகளின் நினைவகமாக இருந்துவருகிறது.

தெருவுக்குப் பெயர் தந்தவர் ஜாவ் யீமன். ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாப் படையில் இருந்த அவர், 1935 நவம்பரில் குண்டடிபட்டுப் பிடிபட்டு, இந்தக் கட்டடத்தில் சித்திரவதை செய்யப்பட்டார். வாக்குமூலம் கிடைக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் காவலர்களே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களில் டோங் ஷியான்ஷுன் என்ற இளம் காவலரும் இருந்தார். ஜாவ் யீமன் மருந்து மடிக்கும் காகிதங்களில், ஜப்பானியர் எப்படி நாட்டைப் பிடித்தார்கள் என்பதைக் கதைபோல எளிய நடையில் எழுதி அவரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார். 1936 ஜூன் 28 இரவில் அந்தக் காவலரும் ஹான் யோங்யீ என்ற செவிலியும் சேர்ந்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். இரண்டே நாளில் குதிரைக் காவலர்கள் துரத்திவந்து பிடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 2 அன்று ஜாவ் யீமன் சுட்டுக் கொல்லப்பட்டார். டோங் சித்திரவதையால் சிறையிலேயே இறந்தார்.

மருந்துக் காகிதத்தில் எழுதியதைப் படித்து மனம் மாறிய ஒரு காவலரைப் பற்றி அறிந்த பிறகு, மற்றக் காவலர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இனி மாலைகளில் அதைத்தான் படிக்கப் போகிறேன்.

ஜனவரி 11, வியாழன்

மஞ்சுகுவோவில் மத்தியக் காவல் பிரிவின் தலைமைக்கு முதலில் கொண்டுவரப்பட்டவர் அமகாசு மசஹிகோ. 1923இல் தோக்கியோவை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் குழப்பத்தில், ராணுவப் போலீஸ் அதிகாரியாக இருந்த இவர், அரசே கூடாது என்ற கொள்கை கொண்ட ஓசுகி சகாயே என்ற அராஜகவாதியையும், அவருடைய துணைவி இதோ நோயேயையும், உடன் இருந்த ஆறு வயது மருமகனையும் கொன்ற குற்றத்துக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்று, மூன்றே ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர். ஒரு குழந்தையைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட மனிதரிடம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்களின் பாதுகாப்பை ஒப்படைத்தார்கள் என்பதை இரண்டு முறை படித்தேன்; இரண்டாம் முறையும் நெஞ்சு ஆறவில்லை.

காகிதத்தில் மஞ்சுகுவோ தனி நாடு. பூயீ அதன் தலைவர், பின்னர் பேரரசர். அமைச்சர்கள் சீனர்களாகவோ மஞ்சுக்களாகவோ இருந்தார்கள். துணை அமைச்சர் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்தைத் தீர்மானித்தவர் ஜப்பானியர். காவல் துறையிலும் அதே அமைப்புதான். தெருவில் நின்ற காவலர் பெரும்பாலும் உள்ளூர்ச் சீனர். அவருக்கு மேலே ஜப்பானிய அதிகாரி. அவருக்கும் மேலே, எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல், குவாந்துங் படையும் அதன் ராணுவப் போலீஸான கெம்பெய்தாயும்.

1932 செப்டம்பரில் வந்த கொள்ளையர் தண்டனைச் சட்டம், களத்தில் இருக்கும் படைத் தலைவருக்கும் காவல் அதிகாரிக்கும், பிடிபட்டவரை விசாரணையின்றி அங்கேயே கொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. எதிர்த்துப் போராடியவர் எல்லாரும் ஏட்டில் ‘கொள்ளையர்’ என்றே பதிவானார்கள்.

ஜனவரி 20, சனி
சாங்சுன்

விரைவு ரயிலில் சாங்சுன் போய்வந்தேன். மஞ்சுகுவோவின் தலைநகரமாக இருந்த காலத்தில் இதற்கு ஷின்ஜிங், அதாவது ‘புதிய தலைநகர்’ என்று பெயர். அப்போது டாடோங் சதுக்கம் என்று அழைக்கப்பட்ட மக்கள் சதுக்கத்தில், அன்றைய தலைநகரக் காவல் தலைமையகக் கட்டடம் இன்றும் நகரக் காவல் துறையிடமே இருக்கிறது. எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். கை உறைக்குள் விரல்கள் மரத்துப்போயின.

திரும்பும் வழியில் பாவோஜியா முறையைப் பற்றிப் படித்தேன். 1933 டிசம்பரில் இதற்கெனச் சட்டம் வந்தது. ஏறத்தாழப் பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு ‘பாய்’, அதற்கு ஒரு தலைவர், ஊரளவில் ‘ஜியா’, ஒரு காவல் எல்லைக்குள் வருபவை எல்லாம் சேர்ந்து ‘பாவோ’. பத்து வீட்டில் ஒருவர் அரசுக்கு எதிரான குற்றம் செய்தால் மற்ற வீட்டுத் தலைவர்களும் அபராதம் கட்ட வேண்டும். சீனாவில் மிகப் பழைய முறை இது. அதைத் தூசு தட்டி எடுத்துக் காவல் நிலையத்தின் கீழ் வைத்தார்கள். வந்து தங்கும் விருந்தாளி யார், ஊரைவிட்டுப் போனவர் எங்கே என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே கவனித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சம்பளம் கொடுத்து எத்தனை காவலர்களை நியமித்தாலும் இப்படி ஒவ்வொரு வாசலிலும் கண் வைக்க முடியாது.

அடுத்த படியாகச் சிதறிக் கிடந்த வீடுகளைக் கொளுத்திவிட்டு, மக்களை மண் சுவரும் அகழியும் காவல் கோபுரமும் கொண்ட கூட்டுக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். கெரில்லாக்களுக்கு ஒரு பிடி தானியம்கூடப் போய்ச் சேரக் கூடாது என்பதே நோக்கம். அதில் அடைபட்ட மக்கள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் ‘மனிதப் பட்டி’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 28, ஞாயிறு

மத்தியத் தெருவில் இந்தக் குளிரிலும் மக்கள் வரிசையில் நின்று ‘மதியேர்’ குச்சி ஐஸ் வாங்கித் தின்கிறார்கள். ‘மாடர்ன்’ என்பதன் சீன உச்சரிப்பு அது. அந்தப் பெயருக்குரிய மாடர்ன் ஹோட்டலின் அன்றைய உரிமையாளர் ஜோசப் காஸ்பே, ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். அவருடைய மகன் சிமோன், பிரான்சில் இசை பயின்ற பியானோ கலைஞர், 1933 ஆகஸ்டில் கடத்தப்பட்டார். கடத்தியவர்கள் கேட்ட பணத்தைத் தந்தை கொடுக்க மறுத்தபோது மகனின் காதை அறுத்து அனுப்பினார்கள். டிசம்பரில் உடல் கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யப் புலம்பெயர்ந்தவர்களில் ஒருவர் ஹார்பின் காவல் துறையின் ஆய்வாளர். சீன நீதிபதிகள் 1936இல் மரண தண்டனை விதித்தார்கள். ஜப்பானியர் தலையிட்டு அத்தீர்ப்பை ரத்துசெய்ய, கடைசியில் கொலையாளிகள் விடுதலையானார்கள். ஊரில் இருந்த யூதர்கள் பலர் குடும்பத்தோடு வெளியேறினார்கள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, போர் முற்றிய ஆண்டுகளில் இதே ஊரில் சீனர் ஒருவர் அரிசிச் சோறு உண்பதே ‘பொருளாதாரக் குற்றம்’ ஆக இருந்தது நினைவுக்கு வந்தது. அரிசி ஜப்பானியருக்கும் படைக்கும். சீனருக்குச் சோளமும், பிறகு அதுவும் குறைந்து கருவாலிக் கொட்டை மாவும். சமையலறைவரை வந்து பானையைத் திறந்து பார்க்கும் உரிமை காவலருக்கு இருந்தது. உலையை இறக்கிவைத்த பிறகு வெகுநேரம் சாப்பிட மனம் வரவில்லை.

1938 முதல், கெம்பெய்தாயும் காவல் துறையும் தாங்கள் பிடித்தவர்களில் சிலரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், ‘சிறப்பு அனுப்புகை’ என்று குறித்து, ஊருக்குத் தெற்கே பிங்ஃபாங்கில் இருந்த ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் மீது நோய்க் கிருமிச் சோதனைகள் நடந்தன. அந்த இடத்தில் இப்போது இருக்கும் நினைவகத்துக்குப் போக இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

1940இல் இதே நாளில் யாங் ஜிங்யூ கொல்லப்பட்டார். வடகிழக்குச் சீனாவின் ஜப்பான் எதிர்ப்புக் கூட்டுப்படையின் முதல் பிரிவுத் தளபதியான அவரை வேட்டையாடியவர்களில் முதன்மையானது ஒரு காவல் படை; அதை நடத்தியவர் டோங்ஹுவா மாநிலக் காவல் தலைவர் கிஷிதானி ரியூஇச்சிரோ. அவருக்கு வழிகாட்டியவர்கள் யாங்கின் கீழ் இருந்து, பின்னர் சரணடைந்து காவல் படையில் சேர்ந்தவர்கள். கூட்டுக் குடியிருப்புகள் தானியத்தை அடைத்துவிட்டிருந்ததால், தோழர்கள் ஒவ்வொருவராக மடிந்து, கடைசி நாட்களில் யாங் தன்னந்தனியாகப் பனிக்காட்டில் இருந்தார்.

அன்று விறகு வெட்ட வந்த நான்கு ஊர்க்காரர்களைக் கண்டு, பணம் தருவதாகச் சொல்லி, சாப்பாடும் ஒரு ஜோடி பஞ்சுக் காலணியும் வாங்கிவரும்படி கேட்டார். அந்த நால்வரில் ஒருவர் பத்து வீட்டுத் தலைவர், பாவோஜியா நியமித்த ‘பாய்’ தலைவர். அவர் ஊர் திரும்பியதும் செய்தி காவலுக்குப் போயிற்று. மாலைக்குள் மலை சூழப்பட்டது. சரணடைய மறுத்த யாங் சுடப்பட்டார். பிறகு தலையை வெட்டி எடுத்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு மணி தானியம்கூட இல்லை. மரப்பட்டையும் புல் வேரும் பஞ்சும் இருந்தன.

மெங்ஜியாங் என்ற அந்த மாவட்டத்துக்கு இப்போது அவர் பெயரே, ஜிங்யூ மாவட்டம். பனி இளகியதும் பேருந்தில் போய் அந்தக் காட்டைப் பார்க்க ஏப்ரலில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.