மகளுக்கு பானுமதி என்று பெயர் வைத்த கதை

பழைய சினிமா நடிகையின் பெயரை மகளுக்கு வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த பெயர்களில் பாதி, சினிமாவுக்காக வைத்தவை. தேவிகாவின் சொந்தப் பெயர் பிரமீளா. கே.ஆர்.விஜயாவுக்கு வீட்டில் வைத்தது தெய்வநாயகி. டி.ஆர்.ராஜகுமாரி ராஜாயி, காஞ்சனா வசுந்தரா தேவி, மனோரமா கோபிசாந்தா. ஏழாம் மாதத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பட்டியல் போட்டபோதுதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். திரையில் பார்த்த பெயரை எடுப்பதா, அவர்களைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை எடுப்பதா என்று ஒரு வாரம் அதிலேயே ஓடியது. திரைப் பெயர்தான் என்று முடிவு செய்தேன். நான் வணங்குவது அந்தத் திரையில் நின்ற பெண்களைத்தானே.

இந்த ஆசை அப்பத்தாவிடமிருந்து வந்தது. மதுரையில் பள்ளி விடுமுறை முழுக்க மதியப் படம் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. அப்பத்தா நடிகைகளைச் சொந்தக்காரர்களைப் பேசுவது போலவே பேசும். "சாவித்திரி அழுதா நாமளும் அழுதுருவோம். பானுமதி அப்படி இல்ல, எதிர்ல நிக்கிறவனை அழ வச்சிருவா" என்று சொல்லும். இன்று வரை இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

ஆண் பிள்ளை என்றால் சிரமமே இல்லை. கணேசன், ராமச்சந்திரன் இரண்டும் சாமி பெயர், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. என் பட்டியலில் ஆண் பெயர்கள் இரண்டோடு நின்றுவிட்டன.

பெண் பெயர்களில்தான் பேச்சு வளர்ந்தது. பத்மினி என்றதும் என் கணவரின் தம்பி "ஃபியட் காரா அண்ணி?" என்று கேட்டான். ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடிய கார் அது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்னும் சிலருக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. வைஜயந்திமாலாவை விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களில் அடைக்க முடியாது என்றார் இவர். எனக்கு மனதில் இருந்தது என்னவோ சாவித்திரிதான்.

அதற்கு மாமனார் சம்மதிக்கவில்லை. அவர் சாவித்திரியின் பரம ரசிகர், அதனாலேயே வேண்டாம் என்றார். நினைவு திரும்பாமல் ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து 1981 டிசம்பரில் சாவித்திரி இறந்த செய்தி வந்த நாளைப் பற்றி மாமா பேசும்போது இப்போதும் குரல் இறங்கிவிடும். "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறப்ப எல்லாம் எனக்கு அந்தக் கடைசிக் காலம்தாம்மா ஞாபகம் வரும்" என்றார். குழந்தை உள்ளம், பிராப்தம் என்று படம் இயக்கியவர், சிரிக்க வைக்கவும் தெரிந்தவர் என்றெல்லாம் நான் வாதாடினேன். ஆனால் தாத்தாவே மனம் கனத்துக் கூப்பிடும்படி ஒரு பெயரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, குழந்தை பிறக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூல நட்சத்திரத்தில் பெண் பிறந்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளை பார்க்க வந்தவர்களில் சிலர் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு ஒரு நொடி பேசாமல் இருந்ததை நான் மறக்க மாட்டேன். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. பிறந்து கண்ணைக் கூடத் திறக்காத குழந்தையின் மேல் அதைப் போட எப்படி மனம் வருகிறதோ. ஒரு பெரியம்மா வெளிப்படையாகவே, "ஜாதகத்துல நேரத்தை லேசா மாத்தி எழுதச் சொல்லு, கல்யாணத்துக்கு ஆகும்" என்றார். இவர் அங்கேயே, "மாத்த மாட்டோம் பெரியம்மா, எங்க பொண்ணு மூலம்தான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

ஜோசியர் குறித்துக் கொடுத்த எழுத்துகள் யே, யோ, பா, பீ. அந்தத் தாளைப் பார்த்ததுமே எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. மூலம் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு முன்னால் நிற்க, பானுமதியை விட யார் வேண்டும்?

பி.பானுமதியைப் பற்றி இளையவர்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, அது எனக்குப் பெரிய ஆதங்கம். மலைக்கள்ளனிலும் அலிபாபாவிலும் எம்.ஜி.ஆருக்கு ஜோடி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தன் பாட்டைத் தானே பாடி நடித்தவர். 1953இல் சண்டிராணி என்ற படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளிலும் இயக்கி, அதில் நடிக்கவும் செய்தார். ஒரு பெண் இயக்குநர் நாற்காலியில் உட்காருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. தெலுங்கில் மாமியார் கதைகளை நகைச்சுவையாக எழுதிப் பேர் வாங்கினார். எண்பதுகளில் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். மகன் பரணியின் பெயரைத்தான் தன் பட நிறுவனத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் வைத்தார். 1992இல் செம்பருத்தியில் பாட்டியாக வந்தபோதும் அதே மிடுக்கு. 2005இல் காலமானார்.

மிஸ்ஸியம்மா விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தெலுங்கில் அந்தக் கதாநாயகி வேடத்துக்கு முதலில் எடுத்தது பானுமதியைத்தான். வரலட்சுமி விரதத்தன்று படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் தயாரிப்பாளருடன் மனஸ்தாபமாகி அவர் விலகினார். அந்த வேடம் சாவித்திரிக்குப் போய், அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. இதைச் சொன்னபோது மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "பானுமதி சரிம்மா, கம்பீரமான பேரு" என்றார்.

கடைசித் தடை மாமியார். "துரியோதனன் பொண்டாட்டி பேரையா பிள்ளைக்கு வைப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மகாபாரதத்தில் பானுமதி அவன் மனைவி. நான் வாதம் செய்யாமல், அன்று ராத்திரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கர்ணன் படத்தில் அந்தக் காட்சியை ஓடவிட்டேன். பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். கணவன் வருவதைப் பார்த்து அவள் எழுகிறாள், தோற்கப் பயந்து எழுகிறாள் என்று நினைத்துக் கர்ணன் இழுக்க, முத்துகள் சிதறுகின்றன. துரியோதனன் கோபப்படாமல், எடுக்கவா, கோக்கவா என்று கேட்கிறான். நட்புக்கு இன்று வரை சொல்லும் கதை அது. கட்டிய மனைவி மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்கும்படி வாழ்ந்தவள் அவள். அத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது சாவித்திரில்ல?" என்றார். ஆமாம், 1964இல் வந்த அந்தப் படத்தில் பானுமதியாக நடித்தது சாவித்திரி. வீட்டில் அதோடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பெயர் சூட்டும் அன்று நாத்தனார் வந்து, குழந்தையின் காதில் மூன்று தடவை பானுமதி என்று சொல்லி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்.

பதிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பலர் இதில் பதறுகிறார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் அப்போதே பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம் உண்டு. எங்களுக்குப் பிறப்புப் பதிவை மருத்துவமனையிலேயே செய்துவிட்டார்கள், பெயரை நாங்கள் பிறகு சேர்த்தோம். அதனால் யாராவது "இன்னைக்கே பேரைச் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் பதற வேண்டாம்.

கவனம் வேண்டியது எழுத்துக்கூட்டலில். சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். ஆங்கிலத்தில் 'பி'க்குப் பக்கத்தில் 'எச்' வருமா, 'மதி'யில் 'டி' மட்டுமா, 'எச்' சேர்த்தா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நடிகையின் பெயரை வழக்கமாக எழுதும் விதத்திலேயே, இரண்டு இடத்திலும் 'எச்' சேர்த்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தட்டச்சு செய்த பிறகு திரையில் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தோம். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாம் இந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் வரும். பிறகு திருத்த அலைவதை விட, அங்கே கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்பது மேல். இனிஷியலையும் தமிழில் எப்படி வர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இப்போது பானு என்று கூப்பிடுகிறோம். மாமனார் மட்டும் முழுப் பெயரையும் சொல்லித்தான் அழைக்கிறார்.