தட்டம்மை ஆய்வுக்கு எந்த விலங்கு? ஒரு விண்ணப்ப அனுபவம்

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரே கேள்விதான்: "ஏன் இந்த விலங்கு?"

தட்டம்மை வந்துபோன குழந்தையை வேறு தொற்றுகள் ஏன் எளிதாகப் பிடிக்கின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. முதலில் சுண்டெலியைப் பார்த்தோம். வைரஸ் நம் வெள்ளணுக்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் 'ஸ்லாம்' ஏற்பி சுண்டெலியிடமும் உண்டு, ஆனால் வைரஸ் அதில் ஒட்டாது. மனித ஏற்பியை மரபணு வழியாகப் புகுத்தினாலும், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் புரதங்களின் பாதுகாப்பையும் முடக்கினால்தான் தொற்று நன்றாகப் பரவும். எதிர்ப்பை நாமே முடக்கிவிட்டு, எதிர்ப்பு ஏன் சரிகிறது என்று தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மக்காக் குரங்குக்குக் காய்ச்சல், தடிப்பு, வெள்ளணுக் குறைவு எல்லாம் மனிதரைப் போலவே வரும். 1911-லேயே கோல்ட்பெர்கரும் ஆண்டர்சனும் குரங்குகளுக்குத் தட்டம்மையைக் கடத்திக் காட்டியிருந்தார்கள். பச்சையாக ஒளிரும் வைரஸைக் கொடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில், மூச்சுக்குழாயின் மேல்தோலை விட நுரையீரலில் இருக்கும் நோயெதிர்ப்பு செல்களே முதலில் தாக்கப்படுவது தெரிந்தது. இதைக் குரங்கு இல்லாமல் கண்டிருக்க முடியாது. ஆனால் எங்கள் கேள்வி அதைவிடச் சின்னது. அதற்காகக் குரங்கைக் கேட்க மனம் வரவில்லை. கீரியைப் போலத் தோன்றும் ஃபெரெட் என்ற சிறு விலங்கில் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸை வைத்துப் படிக்கலாம், ஆனால் அது தட்டம்மையின் உறவுக்கார வைரஸ்தான்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது பருத்தி எலி, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த ஒரு எலி வகை. மூக்கு வழியே கொடுத்தால் வைரஸ் நுரையீரலில் பெருகும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் பெருக்கமும் அடங்கும். தடிப்பு மட்டும் வராது. அதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினேன். செல் வளர்ப்பு மட்டும் ஏன் போதாது, எத்தனை எலிகள், எந்த நிலையில் ஆய்வை நிறுத்துவீர்கள் என்று குழு திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்விகள். எண்ணிக்கைக்குப் புள்ளியியல் கணக்கைச் சேர்த்து அனுப்பியதும் அனுமதி வந்தது.

அப்புறம் கையாளப் பழக வேண்டியிருந்தது. பருத்தி எலி சட்டென்று துள்ளும், கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோல் உரிந்து கையோடு வந்துவிடும். கூண்டில் ஒளிந்துகொள்ள ஒரு குழாய் வைத்தால் அமைதியாக இருக்கும். மயக்கம் கொடுத்து, மூக்குத் துளையில் சொட்டுச் சொட்டாக வைரஸை விட்டு, ஒவ்வொரு சொட்டும் மூச்சோடு உள்ளே போகும்வரை காத்திருப்போம். பிறகு மண்ணீரல் செல்களை எடுத்துத் தூண்டிப் பார்த்தோம். தொற்று இல்லாதவற்றின் செல்கள் பெருகின, தொற்றியவற்றில் அந்தப் பெருக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது.