72 வயசு, சர்க்கரை, ஸ்டென்ட், அப்புறம் ரத்தப் புற்றுநோய்

அப்பாவுக்கு ஏ.எம்.எல் வகை ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "72 வயசுல கீமோவெல்லாம் தாங்குவாரா?" அக்கறையில் கேட்டதுதான். ஆனாலும் வயசைச் சொல்லியே ஒருவரை ஒதுக்கி வைப்பது போல இருந்தது எனக்கு.

மதுரையில் அவரைப் பார்த்த ரத்தநோய் மருத்துவர் வயசை எழுதிக்கொண்டு உடனே மற்றதற்குப் போய்விட்டார். சர்க்கரை எத்தனை வருஷமாக? ஸ்டென்ட் எப்போது வைத்தது? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுத்தே இருக்கிறாரா? காய்ச்சல் வந்து விழும்வரை அப்பா சைக்கிளில் போய்த்தான் பால் வாங்கி வருவார். அதையும் குறித்துக்கொண்டார்.

இந்த நோய்க்கு 1970களிலிருந்து கொடுத்துவரும் கீமோவுக்கு 'செவன் பிளஸ் த்ரீ' என்று பெயர். சைட்டரபின் 7 நாள், டானோரூபிசின் போன்ற ஒரு மருந்து 3 நாள். டானோரூபிசின் இதயத் தசையைக் கெடுக்கக்கூடியது. எக்கோவில் அப்பாவின் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 42 சதவீதம்தான். சைட்டரபினை அதிக அளவில் கொடுத்தால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடலாம், பேச்சு குழறலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அப்பாவுக்கு 1.7, அதிகம்தான். ஆக, கடுமையான கீமோ வேண்டாம் என்று முடிவானது வயசால் மட்டும் இல்லை.

வயசுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதியவர்களுக்கு வரும் ஏ.எம்.எல்லில் மோசமான குரோமோசோம் மாற்றங்கள் அதிகம். எம்.டி.எஸ் என்ற பழைய மஜ்ஜைக் கோளாறு முற்றி இதுவாக மாறியிருப்பதும் அதிகம். அதனால் உடம்பு திடமாக இருக்கிற முதியவரிடம்கூட மருந்து அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அப்பாவுக்கு அசாசிட்டிடின் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். 75 வயசு தாண்டியவர்களையும், மற்ற நோய்களால் கடும் கீமோ தாங்காதவர்களையும் வைத்தே நடந்த 'வியாலே-ஏ' ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. அசாசிட்டிடின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.6 மாதம், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதையும் தாண்டி இருந்தார்கள் என்று அர்த்தம். அந்த ஐந்து மாதத்தைச் சின்னது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

முதல் வாரம்தான் ரொம்பக் கஷ்டம். புற்றுச் செல்கள் மொத்தமாக உடையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறும். சிறுநீரகத்தைக் காப்பாற்ற நிறைய டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். ஆனால் பலவீனமான இதயம் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் மாத்திரையை 100, 200, 400 மில்லிகிராம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். தினமும் எடை பார்த்து, சிறுநீரை அளந்து, கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தோம். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றக்கூட நான்கு மணி நேரம் ஆகும், கூடவே உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்ற லாசிக்ஸ் ஊசி.

பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இறங்கியதும் ஆஸ்பிரினை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், தொடர்ந்தால் ரத்தம் கசியலாம். இதய மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் போனில் பேசி, ஸ்டென்ட் வைத்து ஆறு வருஷம் ஆனதால் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பூஞ்சைத் தொற்று வராமல் இருக்க போசகோனசோல் சேர்த்ததும், அது வெனிடோகிளாக்ஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் 400 மில்லிகிராமை 100 ஆகக் குறைத்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தொற்று சீக்கிரம் பிடிக்கும் என்று நர்ஸ் அக்கா தினமும் வாயையும் பாதத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

முதல் சுற்று முடிந்து எடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தன. நல்ல ரத்த அணுக்கள் மெதுவாகவே ஏறுவதால் இப்போது ஒரு சுற்றில் மாத்திரை 28 நாளுக்குப் பதில் 21 நாள்.

இதே நிலையில் உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால், முதல் நாளே பழைய எக்கோ, கிரியேட்டினின் ரிப்போர்ட், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பயந்துகொண்டு எதையும் மறைக்காதீர்கள். அந்தப் பையைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்தார்கள்.