ஐவர் மடுவும் ஆறுமுகன் சந்நிதியும்

லண்டனில் இருட்டோடு புறப்பட்ட எங்கள் யாத்திரை பஸ் வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன் நகரைக் கடந்து வடக்கே திரும்பியதும் சாலை ஒடுங்கிவிட்டது. இருபுறமும் உயிர்வேலி, அதற்கப்பால் செம்மறியாடுகள், மழையில் கறுத்த மலைச்சரிவு.

ஊரின் பெயர் லான்பிம்சைன்ட். வேல்ஸ் மொழியில் 'லான்' என்றால் கோயில், 'பிம்' என்றால் ஐந்து: ஐந்து புனிதர்களின் கோயில். க்வின், க்வின்னோ, க்வினோரோ, கைத்தோ, கெலினின் ஆகிய ஐவரும் ஒரே பிரசவத்தில் பிறந்த சகோதரர்கள் என்பது மரபு. ஆற்றில் ஆளுக்கொரு மடு உண்டு. எட்வர்ட் லூயிட் என்ற அறிஞர் ஏறத்தாழ 1700-ஐ ஒட்டித் திரட்டிய ஊர்க் குறிப்புகளில் இந்த மடுக்கள் வருகின்றன. புனித பேதுரு திருநாளில் 200, 300 பேர் கூடுவார்களாம். சிலர் நீராட, சிலர் அதைப் பார்க்க.

இதை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒன்றாய்ப் பிறந்த பிள்ளைகள், அவர்களுக்கென்று புனித நீர்! சரவணப் பொய்கையில் தாமரைக்கு ஒன்றாய்த் தவழ்ந்த ஆறு குழந்தைகளைத் தெரிந்த நமக்கு இந்த ஊர் அந்நியமாகுமா?

ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் முருகன் இருக்கிறான். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்ரமணியம் 1973-இல் நிறுவிய ஆசிரமம் அது. ஸ்கந்த வேல் என்று பெயர். 'வேல்' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான். ஆனாலும் தமிழ்ச் செவிக்கு அது கந்தன் கை வேல் அன்றி வேறென்ன?

மூன்று நாள் புலால் தவிர்த்து வந்திருந்தோம். ஈரத்தரையில் செருப்பைக் கழற்றியபோது குளிர் உள்ளங்காலைக் குத்தியது. சந்நிதிக்குள் நுழைந்ததும் விபூதி மணம், மணியோசை. ஐரோப்பிய முகங்கொண்ட துறவிகள் மந்திரம் சொல்லி அபிஷேகம் செய்தார்கள். அவர்கள் உச்சரிப்பைக் கவனிக்கத்தான் முதலில் மனம் ஓடியது. பால் வழிந்து அவன் முகம் தெளிந்தபோது அந்த எண்ணமே இல்லை. பக்கத்தில் நின்ற முதிய யாழ்ப்பாணத்து அம்மா, "அரோகரா" என்று சொல்ல வாயெடுத்து, குரல் வராமல் கைகளை மட்டும் தலைக்குமேல் கூப்பினார். நானும் அழுதுவிட்டேன்.

சக்தி சந்நிதியையும், கீழே நீர்க்கரையில் பள்ளிகொண்ட ரங்கநாதரையும் வணங்கினோம். இலங்கையிலிருந்து இங்கே வந்த யானைக்கு வள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முருகன் வீட்டில் வேறென்ன பெயர் பொருந்தும்? பூசைக்கும் அன்னதானத்துக்கும் கட்டணம் இல்லை. சுடச்சுடச் சோறும் பருப்பும் வயிற்றுக்குள் இறங்கியதும் நடுக்கம் நின்றது.

திரும்பும் வழியில் ஓட்டுநரிடம் கேட்டு ஆற்றோரம் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னோம். எது யாருடைய மடு என்று கேட்க அந்தத் தூறலில் ஆளில்லை. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக் குனிந்து, இரு கையாலும் நீரை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டார். மிச்சத்தை என் தலையில் தெளித்தார்.