ஹரிகேனா டொர்னாடோவா, எது மோசம்?

ஹரிகேன்னா கடல்ல உருவாகுற பெரிய புயல், டொர்னாடோன்னா இடிமேகத்துல இருந்து தரைக்கு இறங்குற சுழல்காத்து. எது மோசம்னு கேள்வி வந்தாலே எல்லாரும் காத்து வேகத்த வெச்சு தான் பதில் சொல்றாங்க. 1999ல அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல மூர் ஊர் பக்கம் வந்த டொர்னாடோல ரேடார் அளந்தது மணிக்கு கிட்டத்தட்ட 480 கிமீ, ஹரிகேன்ல காத்து வேகத்த வெச்சு குடுக்குற நம்பர்ல உச்சமான கேட்டகரி 5ன்னு சொல்ல 252 கிமீ இருந்தாலே போதும், அதனால டொர்னாடோ தான் மோசம்னு அங்கயே முடிச்சிடுறாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

ஹரிகேன்ல அதிகம் உயிர் எடுக்குறது தண்ணி. கடல் தண்ணி 26, 27 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், அதுல இருந்து ஆவி மேல போய் மேகமா மாறும்போது வெளிய வர்ற வெப்பம் தான் அதுக்கு தீனி, பல நூறு கிமீ அகலத்துக்கு வளந்து நாள் கணக்குல ஓடும். கரைக்கு வரும்போது கடலையே தள்ளிக்கிட்டு வரும். 2005ல அமெரிக்காவுல வந்த கத்ரீனா ஹரிகேன்ல மிசிசிப்பி கரையில 8 மீட்டருக்கு மேல தண்ணி ஏறுச்சு, நியூ ஆர்லியன்ஸ்ல கரைச்சுவர் எல்லாம் உடைஞ்சு ஊர்ல முக்கால்வாசிக்கு மேல முங்கிப்போச்சு. கேட்டகரி நம்பர் காத்த மட்டும் தான் சொல்லும், தண்ணியப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. 2017ல ஹார்வி ஹரிகேன் கரை ஏறுனது கேட்டகரி 4ஆ, ஆனா ஹூஸ்டன்ல மழை கொட்டித் தீர்த்தப்போ அது வலு குறைஞ்சு, ஹரிகேனுக்கும் கீழ் நிலையில இருக்குற வெறும் வெப்பமண்டல புயல். நம்பர் குறைஞ்சிடுச்சேன்னு யாரும் நிம்மதியாகிடக் கூடாதுங்கறதுக்காக தான் இவ்ளோ சொல்றேன்.

டொர்னாடோ கதையே வேற. பெரிய இடிமேகத்துக்கு அடியில தரைகிட்ட காத்து ஒரு பக்கம் வீசும், மேல வேற வேகத்துல வேற பக்கம் வீசும், இதனால நடுவுல இருக்குற காத்து படுத்தவாக்குல உருளை மாதிரி சுழலும், அந்த சுழற்சிய மேல ஏறுற காத்து நிமித்தி நிக்க வெச்சிடும். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், ஒரு வீடு தரைமட்டமாகி பக்கத்து வீட்ல ஓடு கூட நகராம இருக்கும். வேகத்த நேர்ல அளக்குறது ரொம்ப அபூர்வம். மறுநாள் ஆளுங்க போய் சுவத்த அஸ்திவாரத்துல போல்ட் போட்டு பிடிச்சிருந்தாங்களா இல்ல வெறும் ஆணி தானான்னு வீடு வீடா பாத்து தான் ரேட்டிங் போடுவாங்க. 2013ல அதே ஓக்லஹோமால எல் ரெனோங்கற ஊர் பக்கம் வந்தது 4 கிமீக்கு மேல அகலம், ரேடார்ல 480 கிமீ வேகம் வரைக்கும் தெரிஞ்சுது, ஆனா அதிகமா வெட்டவெளியில போனதால ரேட்டிங் இஎஃப்3 தான் (சேதத்த வெச்சு இஎஃப்0ல இருந்து இஎஃப்5 வரைக்கும் போடுற அளவு).

அதனால நான் பாக்குறது வேகத்த இல்ல, நமக்கு எவ்ளோ நேரம் கிடைக்குதுங்கறத. ஹரிகேனுக்கு முன்னாடியே சில நாள் கிடைக்கும், போகச் சொன்னா கிளம்பிடணும். கிளம்ப முடியாம மாட்டிக்கிட்டா, புயலோட கண்ணு, அதாவது நடுவுல இருக்குற அமைதியான பகுதி, கடக்கும்போது காத்து சட்டுனு நின்னுடும், அப்போ வெளிய வந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்துல இருந்து அதே வேகத்துல அடிக்கும். டொர்னாடோவுக்கு எச்சரிக்கை வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் கிடைச்சாலே பெருசு, அதுல காரெடுத்துட்டு ஓடுறது ரொம்ப ஆபத்து. எல் ரெனோ டொர்னாடோல செத்த எட்டு பேருமே வண்டில இருந்தவங்க. கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத உள் ரூமுக்கு போய் தலைய மூடிக்கிட்டு குனிஞ்சு உக்காந்துடுங்க, பேஸ்மென்ட் இருந்தா அங்க போயிடுங்க. இன்னொண்ணு, ஹரிகேன் கரை ஏறுன பிறகும் டொர்னாடோ வரும், 2004ல ஐவன்ங்கற ஹரிகேன் ஒண்ணே நூத்துக்கு மேல டொர்னாடோவ கிளப்பி விட்டுச்சு, அதனால உள்ள தள்ளி இருக்குற ஊர்க்காரங்களும் போன்ல அலர்ட்ட ஆஃப் பண்ணாம வெச்சிருங்க.