கடைமடைக் குறிப்புகள்

15 ஆகஸ்ட் 2025
கிராம சபை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டதால் மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் மட்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது; போன முறை எங்களுக்கும் பெண் தலைவர்தான். பேசியது என்னவோ அவர் வீட்டுக்காரர்.

ஆண்கள் சிமெண்ட் ரோடு, சமுதாயக்கூடம் என்று கேட்டு முடித்ததும் நான் எழுந்தேன். "வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. ஐப்பசிக்குள் எடுக்கலைன்னா தண்ணி வயல்லதான் நிக்கும்." எழுதிக்கொண்டார்கள்.

28 ஆகஸ்ட்
விவசாயி அடையாள எண் எடுக்கப் போனேன். பட்டா என் வீட்டுக்காரர் பெயரில், ஆதார் அவருடையது. ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவர் போனுக்குப் போகும். ஷிப்ட் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார். மூன்று முறை ஓடிபி காலாவதியானது. நாளைக்கு மறுபடியும் போகணும்.

திரும்பி வரும்போது பழைய ஞாபகம். 1989லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம். எனக்குக் கல்யாணம் 2004இல். அப்பா இறந்ததும் என் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். சீர் செய்தாச்சே, இன்னும் என்ன என்றார்கள். அன்றைக்கு என் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.

7 செப்டம்பர்
கொழுந்தன் வந்திருந்தார். சம்பாவுக்குப் பி.பி.டி. 5204 நெல் போடு அண்ணி, சன்னரகம், விலை கூட என்றார். எவ்வளவு கூட? அரசு அறிவித்த விலை சன்னரகம் குவிண்டாலுக்கு 2,545, பொது ரகம் 2,500. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்துக்கு 18 ரூபாய் வித்தியாசம். அந்த 18 ரூபாய்க்காகப் பள்ளக்காலில் பி.பி.டி.யைப் போட்டு, கார்த்திகையில் அழுகக் கொடுப்பதா?

நான் சொன்னது சி.ஆர். 1009 சப் 1. மூழ்கினால் மேலே வரத் துடிக்காமல், இருக்கிற சத்தைச் செலவழிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் ரகம். இரண்டு வாரம் வரை தாங்கும். 155 நாள் பயிர் என்பதுதான் குறை. ராத்திரி அவரும் போன் செய்தார்: "தம்பி சொல்றதையும் கேளு." கேட்டேன். ஒன்பது மா நிலத்தில் (சுமார் மூன்று ஏக்கர்) மேட்டுப் பக்கம் மூன்று மா பி.பி.டி., மீதி ஆறு மா என் ரகம்.

21 செப்டம்பர்
நேரடி விதைப்பு முடிந்தது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும், வாய்க்கால் முடிகிற தலைஞாயிறு பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது புரட்டாசி ஆகிவிடுகிறது.

2 நவம்பர்
யூரியா வாங்கக் கைரேகை வைக்கணும். இரண்டு வாரமாகக் களை எடுத்து, கலைத்து நட்ட விரல். மெஷின் எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்தேன், தலைமுடியில் தேய்த்தேன், இடது கையை வைத்தேன். சிவப்புதான். "அண்ணன வரச் சொல்லுங்கக்கா" என்றான் கடைப் பையன். எங்கிருந்து வரச் சொல்ல? பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பரிதாபப்பட்டு அவர் விரலை வைத்தார். வயலில் இறங்கிப் பல வருஷம் ஆன விரல்; ஒரே அழுத்தில் பச்சை. ஆக, அரசாங்கக் கணக்கில் எங்கள் யூரியாவைப் போட்டவர் அவர்.

30 நவம்பர்
டிட்வா புயல். மூன்று நாளாக மழை. மேடு பள்ளம் தெரியவில்லை, வெள்ளக்காடு. வடிகாலில் ஆகாயத்தாமரை மெத்தை போலக் கிடக்கிறது. மேலே நாரை நடக்கிறது. நடவுக் கோஷ்டிப் பெண்கள் பதினோரு பேர் அரிவாளும் கயிறுமாக இறங்கினோம். மாலைக்குள் ஒரு மதகு அளவுக்கு வழி விட்டது. அட்டை கடித்த இடம் இப்போதும் நமைக்கிறது.

7 டிசம்பர்
தண்ணீர் இறங்கிவிட்டது. பள்ளக்காலில் பயிர் சேறு பூசிப் படுத்திருந்தாலும் நடுக்குருத்து பச்சை. கிள்ளிப் பார்த்தேன், உயிர் இருக்கிறது. மேட்டில் பி.பி.டி. பாதிக்கு மேல் அழுகல்.

பயிர்ச் சேதம் கணக்கெடுக்க அதிகாரி வந்தார். சர்வே எண், ரகம், விதைத்த தேதி, எத்தனை நாள் மூழ்கியது, எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் போன் நம்பர் கொடுத்ததும் பேனா நின்றது. "பட்டாதாரர் நம்பர் வேணும்மா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

போட்டுக் கொடுத்தேன், ஸ்பீக்கரில். "என்ன ரகம் சார், எத்தனை மா பாதிப்பு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் மெஷின் சத்தம். அப்புறம் அவர் குரல்: "சார், ஒரு நிமிஷம். பக்கத்துல என் வீட்டுக்காரி இருப்பா, அவகிட்ட குடுங்க."