பள்ளி விட்டதும் எங்கே?

காரைக்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம், பள்ளி விட்டதும் எங்கே இருக்கப் பிடிக்கும் என்று கேட்டேன். டியூஷன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை (எதிர்பார்த்ததுதான்). ஊருணிக் கரை, கோயில் வாசல், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுத் திண்ணை. "அங்கே யாரும் என்ன பண்றேன்னு கேக்க மாட்டாங்க" என்றாள் ஐந்தாம் வகுப்புக்காரி. பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டுமாம், ஆனால் கூப்பிடக் கூடாதாம்!

2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் (மாலையில் தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் நடத்தும் தமிழக அரசுத் திட்டம்) பாட்டும் விளையாட்டும் இருந்தன, ஆனால் நோக்கம் கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டுவதுதான். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை ஓய்வையும் விளையாட்டையும் தனி உரிமையாகவே 31-ஆம் பிரிவில் வைக்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றது.

சரி, ஊருணிக் கரைக்கு விளக்கு கேட்டு மனு எழுதுகிறோம். வாசகம் பிள்ளைகளுடையது.